கல்விச் சமூகவியலை மூட வேண்டாம்: எங்கள் கல்லூரியின் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வரும் கல்வியாண்டு முதல் எம்.ஏ. கல்விச் சமூகவியலுக்கு மாணவர் சேர்க்கை கிடையாது என்று நீங்கள் எடுத்த முடிவு, போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை ஜூனியர் ஒருத்தி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மொத்தம் மூன்றே வரி. இரண்டாவது வரி "வேலைவாய்ப்பு இல்லாமையைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்குகிறது. அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சாதி, வறுமை, மொழி எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் அந்தப் படிப்பை நான் உங்களிடம் முடித்து 6 வருடம் ஆகிறது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்கள் ஊர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இந்த 6 வருடத்தில் நடுவில் ஒரு 7 மாதம் தவிர வேலை இல்லாமல் இருந்ததில்லை. பார்த்த வேலை ஒவ்வொன்றும் அந்தப் பாடத்தால் கிடைத்தது. ஆனால் அவற்றில் ஒன்றுக்குக்கூடக் கல்லூரி வழி காட்டவில்லை. சில இடங்களில் கல்லூரி கொடுத்த பட்டத்தின் பெயரே குறுக்கே வந்து நின்றது. அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

படிப்பு முடித்த வருடம், பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் துறைக்குக் கௌரவ விரிவுரையாளர் நேர்காணல். என் கோப்பைப் புரட்டிய பேராசிரியர் சான்றிதழ் வந்த இடத்தில் நின்றுவிட்டார். "நாங்க சமூகவியல் எம்.ஏ. கேட்டிருக்கோம்மா. உங்களது கல்விச் சமூகவியல்னு இருக்கு. இணைத்தன்மை அரசாணை இருந்தா கொண்டு வாங்க." என் பட்டம் சமூகவியல் எம்.ஏ.வுக்குச் சமம் என்று அரசு போடும் ஆணையைத்தான் கேட்டார். அது என்னிடம் இல்லை. மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். 16 தாளில் 11 தாள் நேரடியான சமூகவியல்: துர்கைம், வெபர், இந்தியச் சமூக அமைப்பு, ஆய்வு முறைகள், புள்ளியியல். அவர் பொறுமையாகப் பார்த்தார். "எனக்குப் புரியுதும்மா. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

அடுத்த மாதம் ஒரு பி.எட். கல்லூரிக்குப் போனேன். இரண்டு வருட பி.எட். படிப்பில் சமகால இந்தியாவும் கல்வியும் என்று ஒரு பாடம் இருக்கிறது. சாதி, பாலினம், வறுமை, மொழி எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் அதில் வருவது. நாங்கள் இரண்டு வருடம் படித்ததே அதைத்தான். அங்கே கேட்ட முதல் கேள்வி, "பி.எட். இருக்கா?" ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் 2014 விதிமுறைகளில், கல்வியின் அடிப்படைகளைச் சொல்லித்தரச் சமூகவியல் முதுநிலைப் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் கூடவே பி.எட். வேண்டும், பள்ளியில் கற்பித்த அனுபவமும் வேண்டும். இந்த விவரத்தை நான் தெரிந்துகொண்டது அந்த அலுவலக மேசைக்கு முன்னால் நின்றபோதுதான். இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால், எம்.ஏ. முடித்த கையோடு பி.எட். சேர்ந்திருப்பேன்.

அன்று அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்திருந்தார். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, செக்கானூரணி தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப நீ படிச்சது எதுக்குள்ளதாம்மா வருது?" சமூகவியல்காரர்கள் கல்வி என்கிறார்கள், கல்விக்காரர்கள் சமூகவியல் என்கிறார்கள். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். பட்டத்துக்குப் பெயர் வைத்தது நீங்கள்.

புதுப் பெயரில் ஒரு பட்டத்தைத் தொடங்கினால், அது எந்தப் பட்டத்துக்கு இணை என்று அரசாணை வாங்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் கல்லூரி நடத்தும் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. பாடத்திட்டத்தோடு விண்ணப்பம் போக வேண்டும், இணைத்தன்மைக் குழு பார்க்க வேண்டும், உயர்கல்வித் துறை ஆணை போட வேண்டும். அந்த அரசாணைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நாங்கள் 5 பேர் கையெழுத்துப் போட்டு முதல் மனுவை உங்களிடம் நேரில் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினோம். அடுத்த வருடம் பதிவுத் தபாலில் ஒன்று. அதற்கு அடுத்த வருடம் மின்னஞ்சலில் ஒன்று. மூன்றுக்கும் பதில் இல்லை. பதில் வராத அந்த 3 வருடத்தில் எங்கள் துறையில் இருந்து இன்னும் 3 செட் மாணவர்கள் அதே பெயர் போட்ட சான்றிதழோடு வெளியே வந்தார்கள். இன்று அவர்களைக் காட்டித்தான் "வேலைவாய்ப்பு இல்லை" என்று எழுதுகிறீர்கள்.

இனி, வழி காட்டாத விஷயம்.

நம் பிளேஸ்மென்ட் செல் நாங்கள் படித்த இரண்டு வருடத்தில் எங்கள் துறைக்கு அழைத்து வந்தது ஒரு தனியார் வங்கி, ஒரு காப்பீட்டு நிறுவனம், இரண்டு கால் சென்டர். இவற்றுக்குப் போக எம்.ஏ. வேண்டாம், கல்விச் சமூகவியலும் வேண்டாம். எங்கள் படிப்புக்கான வேலை தருகிறவர்கள் யாரும் கல்லூரிக்கு வந்து மேசை போட்டு உட்கார மாட்டார்கள். அந்த வேலை மாவட்ட இணையதளத்தில் ஒரு மூலையில் பி.டி.எஃப். ஆக வரும். இல்லையென்றால் ஒரு ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் தேவை என்று தெரிந்தவர் மூலம் வரும். அதைத் தேடிப்போகச் சொல்லித்தர வேண்டும். வளாக நேர்காணலில் யாரும் எடுக்கவில்லை என்பதை வைத்து ஒரு படிப்பின் வேலைவாய்ப்பை அளந்திருக்கிறீர்கள். அந்த அளவுகோல் எங்கள் படிப்புக்குப் பொருந்தாது.

அப்படியானால் வேலை எங்கே இருக்கிறது? நானும் என் வகுப்பு நண்பர்களும் முட்டி மோதித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர் பணிகளுக்கு விளம்பரம் வரும்போது தகுதி வரிசையில் சமூகப் பணிக்குப் பக்கத்திலேயே சமூகவியல் என்று போட்டிருப்பார்கள். தொகுப்பூதியம்தான், ஒப்பந்தம்தான். ஆனால் பள்ளியை விட்டு நின்ற குழந்தை, வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தை, சின்ன வயதில் கல்யாணம் பேசப்பட்ட பெண் என்று நாங்கள் பாடத்தில் படித்த பிள்ளைகள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் அது. அப்புறம் கல்வித் திட்டங்கள். 2001-இல் வந்த சர்வ சிக்ஷா அபியானையும் 2009-இல் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் சேர்த்து 2018-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் ஆக்கினார்கள். இல்லம் தேடிக் கல்வி 2021, புதுமைப்பெண் 2022. ஒவ்வொன்றும் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாரை விட்டுவிட்டது என்று களத்தில் பார்த்து எழுத ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆய்வுகள் நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போகின்றன. அவர்கள் கள ஆய்வாளர்களை எடுக்கிறார்கள். என் முதல் வேலை அப்படிக் கிடைத்ததுதான்: மாதம் 18,000 ரூபாய், 11 மாதம்.

மதுரையிலேயே தலைமையகம் வைத்திருக்கும் தானம் அறக்கட்டளை, பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியை எடுத்துக்கொண்டு போன மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. நாங்கள் படித்த காலத்தில் ஒருநாள்கூட எங்களை அங்கே அழைத்துப்போனதில்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு இருக்கிறது. அதில் சமூகவியலின் எண் 05, கல்வியியலின் எண் 09. முதுநிலையில் படித்த பாடம் பட்டியலில் இல்லாதவர்கள் தொடர்புடைய பாடத்தில் எழுதலாம். எங்களில் ஒருவன் முதல் இரண்டு தடவை கல்வியியலில் எழுதித் தோற்றான். நாங்கள் படித்ததில் பெரும்பகுதி சமூகவியல் என்பதால் அதில் எழுதியிருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மாறி எழுதினான், ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அதற்கு இப்போது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடத்தை அவன் இழந்தது ஒரு வரித் தகவல் இல்லாததால். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1971-இல் இருந்து நடக்கிறது. அங்கே கல்வியை ஆராயலாம் என்பதை முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி முடிந்த பிறகு தெரிந்துகொண்டவள் நான்.

பள்ளி ஆசிரியர் வழி பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் மாநில மேல்நிலைப் பாடத்திட்டத்தில் சமூகவியல் தனிப்பாடமாக இல்லை. அதனால் முதுநிலை ஆசிரியர் தேர்வில் எங்களுக்கு இடம் இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிளஸ் 1, பிளஸ் 2-வுக்குச் சமூகவியல் உண்டு, ஆனால் மதுரையில் அதை எடுத்து நடத்தும் பள்ளிகள் குறைவு. இதைச் சேர்க்கையின் போதே சொல்லுங்கள். "டீச்சர் ஆகலாம்" என்ற நம்பிக்கையில் சேர்ந்து, கடைசி செமஸ்டரில் உண்மை தெரிந்து அழுதவர்களை நான் விடுதியில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அறிவிப்பைப் பார்த்த அன்றிலிருந்து 4 நாளாக எங்கள் வகுப்பில் படித்த 19 பேரையும் தேடிப்பிடித்துப் பேச முயன்றேன். என்னோடு சேர்த்து 16 பேர் ஆனோம். 4 பேர் கல்வி சார்ந்த தொண்டு நிறுவனங்களில் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. 2 பேர் முனைவர் பட்டம் செய்கிறார்கள். ஒருத்தி குழந்தைகள் பாதுகாப்பு அலகில். 3 பேர் பிறகு பி.எட். படித்துத் தனியார் பள்ளிகளில். 2 பேர் புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து குரூப் தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். 2 பேர் திருமணமாகி வீட்டில். ஒருவன் பைனான்ஸ் கம்பெனியில். இன்னொருத்தி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஆக 16-இல் 10 பேர் படித்த படிப்பு சார்ந்த வேலையிலோ ஆய்விலோ இருக்கிறார்கள். கல்லூரியின் எந்த உதவியும் இல்லாமல். இந்தக் கணக்கை எடுக்க எனக்கு 4 நாளும் ஒரு போனும் போதுமானதாக இருந்தது. படிப்பை மூட முடிவெடுக்கும் முன் நீங்கள் இதை எடுத்தீர்களா?

ஜவுளிக்கடையில் பில் போடுகிறவளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் மாணவி அவள். ஊர் மேலூர்ப் பக்கம். கல்குவாரி வேலைக்கு வந்து தங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பள்ளி மாறுகிறார்கள், மாறும்போது எந்த இடத்தில் படிப்பு அறுந்துபோகிறது என்று ஆய்வேடு எழுதினாள். 31 குடும்பங்களை நேரில் பார்த்தாள். வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் அதைப் புத்தகமாகப் போடலாம் என்று சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அந்த ஆய்வேட்டின் பிரதி துறை அறையில் ஒரு பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பணியிடம் வந்தபோது அவளுக்குத் தெரியாது. நான் தெரிந்து அவளுக்குப் போன் போட்டபோது கடைசித் தேதி முடிந்து 11 நாள் ஆகியிருந்தது. "பரவாயில்லடி, அடுத்த தடவை பாப்போம்" என்றாள். அதற்கு அப்புறம் கல்யாணம், குழந்தை, கடன். மாவட்டத்தில் இடம்பெயர் குழந்தைகளின் படிப்பைப் பற்றி அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அவள் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை நின்றுகொண்டே பில் போடுகிறாள்.

இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று சேர்க்கைக் குழுவில் யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், இடைநிற்றலுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் ஆய்வுக்காகத் திருமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சில வாரம் இருந்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். ஒரே பருவத்தில் 14 நாள் வரவில்லை. பதிவேட்டில் காரணம், 'குடும்பச் சூழல்'. கணக்குப் பாடத்தில் மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. இன்னும் ஒரு வருடத்தில் நின்றுவிடுவான் என்று ஆசிரியரே சொன்னார். உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் இப்படி நிற்கிற பையன்கள் வெளிமாநிலத்துக்கு முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போவதைச் சின்ன வயதில் இருந்து பார்த்தவள் நான். அதனால் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு வர மனம் வரவில்லை.

அவன் வராத தேதிகளை எழுதி, காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். 14-இல் 12 வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் ஆட்டுச் சந்தை.

அடுத்த வெள்ளி விடியும் முன் சந்தைக்குப் போனேன். தாத்தாவோடு நின்றான். தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, பணம் எண்ணித் தர ஆள் வேண்டும். ஒன்று 7,400 வீதம் 3 ஆட்டுக்கு விலை பேசி, அதில் தரகு இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு, கையில் நிற்பது இவ்வளவு என்று வியாபாரி வாயை மூடும் முன் சொன்னான். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. அந்தப் பையன்தான் கணக்கில் மெல்லக் கற்போர்.

வீட்டுப் பேச்சுக்கும் வகுப்பறைப் பேச்சுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றிப் சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன் சொன்னதையும், பள்ளிக்கூடம் சில வீட்டுப் பிள்ளைகளின் பழக்கத்தையே அறிவு என்று எடுத்துக்கொள்கிறது என்று இன்னொரு சமூகவியலாளர் பியர் பூர்தியூ சொன்னதையும் மூன்றாம் செமஸ்டரில் நம் ஆசிரியர் மூன்று வாரம் நடத்தினார். சந்தையில் நின்றபோது அந்த மூன்று வாரமும் எனக்கு மொத்தமாகப் புரிந்தது. தேதிகளைக் காலண்டரோடு வைத்துப் பார்க்கத் தோன்றியதே அந்தப் படிப்பால்தான். தலைமையாசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டிருந்த கணக்குத் தேர்வைச் செவ்வாய்க்கு மாற்றினார். தாத்தாவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்தார். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதி பெண்கள் இருக்க வேண்டும். அங்கே அதுவரை கூட்டம் என்றால் நோட்டில் கையெழுத்து வாங்குவதுதான். அன்று முதல்முறையாக இரண்டு அம்மாக்கள் எழுந்து சந்தை நாள் பற்றிப் பேசினார்கள். அந்தப் பையன் இப்போது பிளஸ் 1 படிக்கிறான்.

அந்தத் திட்டத்தின் மேலாளர் வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் எம்.ஏ. கல்வி படித்தவர். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படித்து வருகிறவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். திறமைசாலிகள், எனக்கு நிறையச் சொல்லித்தந்தவர்கள். அவர்கள் படித்ததும் கிட்டத்தட்ட நாங்கள் படித்த பாடம்தான். ஆனால் அவர்களுக்கு முதல் வருடமே களத்துக்கு அனுப்பி, தரவு பார்க்கவும் அறிக்கை எழுதவும் சொல்லித்தந்திருக்கிறார்கள். அதனால் அவர்கள் திட்டத்தை நடத்துகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களுக்குக் கீழே படிவம் நிரப்புகிறார்கள், ஊர்ப்பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். நம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார வேண்டாமா?

இன்னொன்று. நான் எட்டாவது வரை படித்தது கள்ளர் சீரமைப்புப் பள்ளி. தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் உள்ளே போவேன். 'சீரமைப்பு' என்றால் யாரை, எதற்காக என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எம்.ஏ. இரண்டாம் செமஸ்டரில்தான் தெரிந்தது. பிறந்த சாதியை வைத்தே ஆட்களைக் குற்றவாளிகள் என்று பதிந்த, எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்று சொல்லும் குற்றப்பரம்பரைச் சட்டம், அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூடு, அந்தச் சட்டத்தின் இன்னொரு கையாக வந்த பள்ளிகள். தன் அப்பா ராத்திரியில் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது என்று தாத்தா சொன்ன கதையும், நான் படித்த பள்ளியின் பலகையும் ஒரே வரலாறு என்று வகுப்பில் உட்கார்ந்து புரிந்துகொண்ட நாளை என்னால் மறக்க முடியாது. பள்ளிப் பெயர்களில் இருந்து சாதியை எடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தபோது எங்கள் ஊரில் பெரிய விவாதம் நடந்தது. பெயரை எடுத்தால் உரிமை போய்விடும் என்று ஒரு பக்கம், பெயர் இருப்பதால்தான் மற்றவர்கள் வரத் தயங்குகிறார்கள் என்று ஒரு பக்கம். இரண்டு பக்கமும் என்னிடம் வந்து கேட்டார்கள், இதைப் படித்தவள் என்பதால்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியில்தான் தொடங்கியது. காலையில் சாப்பிட்டு உட்காரும் பிள்ளைக்கு வகுப்பறை எப்படி மாறுகிறது என்று பார்க்க யாரும் வெளியூரில் இருந்து வர வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஊரில் கல்விச் சமூகவியலை மூடுகிறீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

சேர்க்கையை நிறுத்தும் முடிவை இந்த ஒரு கல்வியாண்டுக்காவது தள்ளிவையுங்கள். கடந்த 10 வருடத்தில் இந்தப் படிப்பை முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று முறையாகக் கணக்கெடுங்கள். எங்கள் வகுப்புக் கணக்கை நான் எடுத்துவிட்டேன், மற்ற வகுப்புகளுக்கும் நாங்களே எடுத்துத் தருகிறோம். அந்தக் கணக்கை மேசையில் வைத்துக்கொண்டு மறுபடி முடிவெடுங்கள்.

எம்.ஏ. சமூகவியலுக்கு இணை என்று அரசாணை பெற இந்தக் கல்வியாண்டுக்குள் விண்ணப்பம் அனுப்புங்கள். ஏற்கெனவே படித்து முடித்த எங்களுக்கும் அது பொருந்தும்படி கேளுங்கள். எங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் அவசரம், ஏனென்றால் விண்ணப்ப வயது வருடா வருடம் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சான்றிதழில் எம்.ஏ. சமூகவியல் என்றே போட்டு, கல்விச் சமூகவியலைச் சிறப்புப் பாடமாக மதிப்பெண் பட்டியலில் காட்டலாம். பாடம் அப்படியே இருக்கும், பெயர்ச் சிக்கலும் தீரும்.

சேர்க்கையின் போதே, எந்த வேலைக்கு இந்தப் பட்டம் போதும், எதற்குக் கூட பி.எட். வேண்டும், எதற்கு நெட் வேண்டும், எதற்கு வழியே இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். முதல் செமஸ்டரிலேயே நெட் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒரு செமஸ்டர் முழுக்கக் களப்பயிற்சி வையுங்கள்: தி.கல்லுப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கிறது, வட்டார வளமையங்கள் இருக்கின்றன, தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. நாங்கள் படித்தபோது கையெழுத்துக் கடிதத்தோடு முடிந்த 15 நாள் பயிற்சி போல அது இருக்கக் கூடாது. கணினியில் தரவு பார்ப்பதும், தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதுவதும் பாடத்திட்டத்துக்குள் வர வேண்டும்.

தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறையே சொல்கிறது. எங்கள் துறையில் அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்று தெரிவியுங்கள். காலியாக இருந்தால் கல்விக் களத்தில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவரை நியமியுங்கள்.

பீரோவில் இருக்கும் ஆய்வேடுகளை எடுத்து நூலகத்தில் வையுங்கள். முதலில் மேலூர் ஆய்வேட்டை வையுங்கள், எழுதியவளை அழைத்து மாணவர்கள் முன்னால் ஒருநாள் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் எங்களில் இருவருக்கு 20 நிமிடம் பேச அனுமதி வேண்டும். எந்த வேலை நாளாக இருந்தாலும் விடுப்புப் போட்டு வருகிறோம். எங்கள் 16 பேரின் கையெழுத்தையும், பதில் வராத 3 மனுக்களின் நகல்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்த மடல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டுகிறேன்.

உசிலம்பட்டியில் இருந்து,
உங்கள் முன்னாள் மாணவி